படத்தில் வேண்டாத மூன்று பேர்

"இந்த மூணு பேரும் வேண்டாம் சார். தூக்கிடணும். அதுக்கு எந்த டூல்?"

போட்டோ எடிட்டிங் வகுப்பின் முதல் நாள், முதல் கேள்வியே இப்படி வந்ததும் லேயர் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. எதைக் கேட்டாலும் 'முதல்ல ஒரு லேயர் போடுங்க' என்றே ஆரம்பிப்பதால் மாணவர்கள் வைத்த பெயர் இது. அதுவே நிலைத்தும் விட்டது. தங்கமான மனிதர். ஒரே குறை, அடுத்தவர் பேசி முடிக்கும் வரை அவருக்குப் பொறுக்காது.

கேட்டவர் நாற்பது வயதுத் தையல்காரம்மா. கடையிலிருந்து வந்த அவசரத்தில் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றவில்லை. பென்டிரைவில் அவர் கொண்டுவந்திருந்த பழைய படம் திரையில் இருந்தது. ஒரு கறுப்புக் காரின் முன்னால் மீசை வைத்த ஒருவர், ஒரு பையன், இரட்டைப் பின்னலோடு ஒரு சின்னப் பெண்.

"இவங்க எல்லாம் யாரும்மா?"

"எங்கப்பா, எங்க அண்ணன். அந்தக் குட்டி நான்தான்."

"உங்களையுமா தூக்கணும்?"

"ஆமா சார். அதுல நான் எதுக்கு? ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க எல்லாம் வீட்டுக்கு வர்றாங்க. அதுக்குள்ள ஃப்ரேம் போட்டு மாட்டியாகணும்."

லேயர் சாருக்குப் புரிந்துவிட்டது. சொத்துத் தகராறு! அப்பன் எல்லாவற்றையும் மகன் பெயருக்கு எழுதி வைத்திருப்பான். அதற்காக, வருகிற சொந்தக்காரர்கள் முன்னால் வெறும் காரை மட்டுமா மாட்டி வைப்பது? இரண்டு வருடமாகத் தன் அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லாதவர் சார். அவருக்கே இது அதிகமாகப் பட்டது.

"காரை மட்டும் வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க?"

"கார் யாருக்கு சார் வேணும்? எனக்கு அதுல..."

"புரியுது, புரியுது. முதல்ல பாடத்தைக் கவனிங்க" என்று வெட்டினார் சார். "இது க்ராப். வேண்டிய இடத்தைச் சுத்திக் கட்டம் போட்டா, மிச்சமெல்லாம் போயிடும்."

"துணியில தப்பா வெட்டிட்டா அவ்வளவுதான். இங்க எப்படி சார்?"

"இங்க அன்டூ இருக்கு. அழுத்தினா பழையபடி வந்துடும். ஆனா அதே பேர்ல சேவ் பண்ணி மூடிட்டீங்கன்னா, ஆண்டவனே வந்தாலும் முடியாது."

"ஐயோ! இதோட பேப்பர் போட்டோ தண்ணியில ஊறி நாசமாப் போச்சு சார். இந்த பென்டிரைவ்ல இருக்கிறது ஒண்ணுதான் மிச்சம்."

இருப்பதே ஒன்று, அதையும் வெட்ட வந்திருக்கிறாரே! சார் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது பிரைட்னஸ். இருட்டா இருக்கிறதை வெளிச்சமாக்கும். இது குளோன் ஸ்டாம்ப். நல்ல இடத்துல இருந்து கொஞ்சம் எடுத்து, கெட்ட இடத்துல ஒட்டுறது."

"ஒட்டுப் போடுறதா? அது எனக்குத் தண்ணி பட்ட பாடு சார்" என்று முதல் முறையாகச் சிரித்தார் தையல்காரம்மா. அப்போது அவருடைய போன் அடித்தது. யாரோ ஜாக்கெட் கேட்டு அவசரப்படுத்த, பேசிக்கொண்டே வெளியே போனார்.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குடும்பத்தை வெட்ட வந்தவர், வெட்ட மனசே வராதபடி இந்தப் படத்தை அழகாக்கிக் காட்டினால் என்ன?

மளமளவென்று வேலை நடந்தது. மஞ்சள் படிந்த நிறத்தைச் சரிசெய்தார். அப்பாவின் கன்னத்தில் விழுந்த கீறலை மறைத்தார். அண்ணன் முகத்துக்கு வெளிச்சம் கொடுத்தார். கடைசியாகக் கார்க் கதவு. அதன் நடுவே வெளுத்துப் போய் ஒரு திட்டு. குளோன் ஸ்டாம்பால் நாலு தட்டு தட்டியதும் கதவு புத்தம் புதிதாகிவிட்டது.

தையல்காரம்மா திரும்பி வந்தார்.

"இப்பப் பாருங்கம்மா. அப்பா முகத்தை நல்லாப் பாருங்க. என்ன இருந்தாலும் ரத்த சொந்தம். கோபத்துல வெட்டிட்டா, அப்புறம் ஒட்டுறதுக்கு எந்த டூலும் கிடையாது."

அவர் அப்பா முகத்தைப் பார்க்கவே இல்லை.

"கார்க் கதவுல ஒண்ணு இருந்துச்சே சார்?"

"அந்த அழுக்கா? சுத்தமா எடுத்துட்டேன்."

தையல்காரம்மாவின் முகம் வெளிறியது. "சேவ் பண்ணிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"திருப்பிக் கொண்டு வாங்க சார். சீக்கிரம்!"

சார் பதறிப்போய் அன்டூவை அழுத்தினார். நாலாவது அழுத்தலில் அந்தத் திட்டு பழையபடி வந்து சேர்ந்தது.

தையல்காரம்மா அவர் கையிலிருந்து மவுஸைப் பிடுங்காத குறையாக வாங்கினார். சொல்லிக் கொடுத்தபடியே க்ராப்பை எடுத்து, அந்தத் திட்டைச் சுற்றி மட்டும் கட்டம் போட்டார். அப்பா, அண்ணன், இரட்டைப் பின்னல் மூவரும் மறைந்தார்கள். படத்தைப் பெரிதாக்கி, பிரைட்னஸை மெல்ல மெல்ல ஏற்றினார்.

கார்க் கதவின் பளபளப்பில், கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எதிரே நிற்கும் மூன்று பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண்.

"எங்க வீட்டுல கேமரா எப்பவும் அம்மா கையிலதான் சார். போன வாரம் போயிட்டாங்க" என்றார் தையல்காரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மாட்டுறதுக்கு ஒரு போட்டோ தேடினா, அத்தனை ஆல்பத்துலயும் அம்மா இருக்கிறது இது ஒண்ணுலதான்."