மதகை அடைப்பேன்

ஒரு கண்மாயில் மதகு ஒழுகியது. "என்னைத் தலைவராக்குங்க, மறுநாளே அடைக்கிறேன்" என்றது ஒரு தவளை. தொண்டை பெரிய தொண்டை, ஜெயித்துவிட்டது.

ஜெயித்ததும் மதகின் மேல் தன் பெயரைப் பெரிதாக எழுதிவைத்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கீழே தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

"எப்ப அடைப்பீங்க தலைவரே?" என்று கேட்டது கரையோர வளையில் குடியிருந்த நண்டு.

"இது இங்க தீர்ற விஷயமா? பெரிய அணைக்குப் போய்ப் பேசணும். அங்கேயும் என்னையே அனுப்புங்க."

அனுப்பிவைத்தார்கள். அணையில் ஐந்து வருடம் நீந்திக் கொழுத்தது. ஊரில் ஓயாமல் கத்திய வாயை அங்கே ஒரு நாளும் திறக்கவில்லை.

மறுபடி தேர்தல் வந்தது. கழுத்தில் மாலையோடு, உதவியாளர் ஓணானையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குத் திரும்பியது தவளை. தரை வெடித்துக் கிடந்தது. நண்டு மட்டும் வளையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்த முறை மதகை அடைத்தே தீருவேன்!"

"ஒழுகறதுக்குத் தண்ணி வேணுமே தலைவரே. கடைசிச் சொட்டும் போய் ரெண்டு வருஷமாச்சு" என்றது நண்டு.

தவளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓணான் பக்கம் திரும்பி, "சாதனையில எழுதிக்கய்யா. மதகு ஒழுகல் அறவே நிறுத்தப்பட்டது" என்றது.

ஓணான் தலையாட்டியது.