தங்கச் சுரங்கத்து உபயம்

"வெள்ளக்காரன் என்ன முட்டாளா தம்பி? தங்கத்தை மண்ணுக்குள்ள போட்டுட்டுக் கப்பலேறிப் போறதுக்கு?"

மணியம்மா கேட்ட கேள்வி தர்மாவுக்குப் புதிதல்ல. போன தோட்டத்திலெல்லாம் இதையேதான் கேட்டார்கள். பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"முட்டாள் இல்லம்மா, தண்ணி! சுரங்கத்துல தண்ணி ஏறிருச்சு. அந்தக் காலத்துல எறைக்க மெசின் ஏது? போட்டது போட்டபடி விட்டுட்டுப் போயிட்டான். எங்க கம்பெனி இப்ப பம்பு வச்சு எறைக்கப் போகுது. ஆறே மாசம். ரவூப் பக்கம் காட்டுக்குள்ள அப்படியே கெடக்கு தங்கம்."

பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசைமேல் வைத்தான். மஞ்சளாக இரண்டு கோடு மின்னியது. அது தங்கமா தகரமா என்று தர்மாவுக்கே தெரியாது. முதலாளி கொடுத்தார், கொண்டுவந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மாதக் கடைசிக்குள் பத்துப் பேரைப் பணம் போட வைக்காவிட்டால் வேலை போய்விடும். தவணை பாக்கி நிற்கும் காடியை, அவன் ஓட்டிவந்த அந்தக் காரை, வங்கிக்காரன் இழுத்துக்கொண்டு போவான். இதுவரை ஒருத்தர்கூடச் சேரவில்லை.

மணியம்மா முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். ஓய்வு பெற்று நான்கு மாதமாகிறது. இபிஎஃப் சேமநிதிக் காசு முழுசாக வங்கியில் கிடக்கிறது. பக்கத்து ஊரான கம்போங் ராஜாவின் சாப்பாட்டுக் கடையில் இதையெல்லாம் நைசாக விசாரித்துக்கொண்டுதான் தர்மா தோட்டத்துக்குள் காடியை விட்டிருந்தான்.

அவள் கல்லைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏ வேலாயி! ஓடியா, வந்து தங்கத்தைப் பாரு!" என்று ஒரு குரல் கொடுத்தாள். அவ்வளவுதான். பக்கத்து வீட்டு வேலாயி வந்தாள். அவள் பின்னாலேயே லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

"ஆயிரம் வெள்ளி போட்டா மாசம் எவ்வளவு வரும்?"

"நூறு வெள்ளி."

"அடேயப்பா! பேங்குல வருசத்துக்கே அவ்வளவு குடுக்க மாட்டான்லா!"

"நான் அஞ்சாயிரம் போடுறேன். மருமகன் பேருலயும் போடலாமா தம்பி?" என்றாள் வேலாயி.

தர்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. கையெழுத்து வாங்கவேண்டிய விண்ணப்பப் பாரங்களை எடுத்து விரித்தான்.

"பொறுங்க தம்பி," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் வேலப்பன். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் தலைவர். "எங்க தோட்டத்துல ஒரு வழக்கம் இருக்கு. புதுத் தொழில்னா முதல்ல ஆத்தாளுக்கு ஒரு உபயம். அப்புறம் பூப்போட்டு உத்தரவு கேப்போம். அதுக்கப்புறம்தான் கையெழுத்து."

"தாராளமா செய்யுங்க ஐயா."

"நாங்க இல்ல தம்பி. தொழில் தொடங்குறவங்கதான் செய்யணும். கோபுரத்துக்குப் பெயிண்டு அடிக்கணும். மூவாயிரம் வெள்ளி ஆகும்."

தர்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காடித் தவணைக்கென்று அக்காளிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்ததே அவ்வளவுதான். ஆனால் சுற்றி நிற்பவர்களை ஒருமுறை பார்த்தான். எப்படியும் நாற்பது பேர் தேறும். ஆளுக்கு ஐயாயிரம் போட்டால், பத்து சதவீதக் கமிஷனில் அவன் பங்கு மட்டும் இருபதாயிரம். மூவாயிரத்துக்குப் பார்த்தால் முடியுமா?

கோயிலுக்குப் போனார்கள். இத்தனை சின்னத் தோட்டத்துக்கு இவ்வளவு பெரிய கோயிலா என்று தர்மா அசந்துபோனான். காசுள்ள சனம்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். வாசலில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டைக்கு முன்னால் கைப்பேசியைக் காட்டி மூவாயிரத்தையும் அனுப்பினான். வேலப்பன் பொன்னாடை போர்த்தி, ரசீதும் கொடுத்தார். மணியம்மா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை வந்துருங்க தம்பி. உத்தரவு கெடச்சிரும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பாரங்களோடு காலையிலேயே வந்து இறங்கினான் தர்மா. எல்லாரும் கோயில் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். வேலப்பன் முகம் மட்டும் சரியில்லை.

"மன்னிச்சிருங்க தம்பி. செவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளப் பூ ஒரு பொட்டலம் கட்டி, ஆத்தா முன்னால போட்டு, ஒரு புள்ளைய எடுக்கச் சொன்னோம். வெள்ள வந்திருந்தா சரி. செவப்பு வந்துருச்சு."

"இன்னொரு தடவ போட்டுப் பாருங்க ஐயா!"

"மூணு தடவ போட்டாச்சு. ஆத்தா வேணாங்கிறா. நாங்க என்ன செய்யிறதுலா?"

தர்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயா, அது கம்பெனிக் காசு இல்லீங்க. என் காடித் தவணைக் காசு. அதையாவது திருப்பிக் குடுத்துருங்க."

கூட்டம் உச்சுக்கொட்டியது.

"ஆத்தாளுக்குப் போட்டதைத் திருப்பிக் கேக்கலாமா தம்பி? கோவிச்சுக்குவா," என்றாள் மணியம்மா, நிஜமாகவே இரக்கத்தோடு. "உக்காந்து பசியாறிட்டுப் போங்க. உங்க உபயத்தைக் கல்லுலகூட வெட்டியாச்சு. அந்தப் பக்கம் இருக்கு, போயிப் பாருங்க."

கால் போன போக்கில் நடந்து, புதுப் பெயிண்டு வாசனை அடித்த கோபுரத்தின் ஓரத்தில் நின்றான். சுவரில் பதித்த கறுப்புக் கல்லில் பொன்னிற எழுத்துகள். கூரை, அகில் மரத் தோட்டக் கம்பெனி உபயம். தரை ஓடு, பறவைக்கூடு வளர்ப்புக் கம்பெனி உபயம். வெண்கல மணி, ஆட்டுப் பண்ணைக் கம்பெனி உபயம். கோபுர வர்ணம், தங்கச் சுரங்கக் கம்பெனி உபயம்.

அதற்கும் கீழே 'சுற்றுச்சுவர்' என்று இப்போதே வெட்டி, கம்பெனி பேருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார்கள்.