போட்ஸ்வானாவில் ஓர் ஆசீர்வாதம்

பைபாஸ் நல்லபடியாக முடிந்தால் மற்ற குடும்பங்கள் கோயிலுக்குப் போகும். நாங்கள் போட்ஸ்வானாவுக்குப் போனோம். மயக்கம் தெளிந்ததும் அப்பா கேட்டது காட்டு யானையைத்தான். நாலாம் நாள் காலை, புதரை விலக்கிக்கொண்டு ஒரு கொம்பன் தனியாக வந்தது. காதுகளை விரித்து, எங்கள் திறந்த ஜீப்பை நோக்கி நேராக நடந்தது. ஓட்டுநர் மொலெஃபி இன்ஜினை அணைத்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார். யாராவது அசைந்தால் முட்டிவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

துதிக்கை ஜீப்புக்குள் நீண்டு அப்பாவின் முன்னால் நின்றது. அம்மா மெதுவாகச் செருப்பைக் கழற்றினாள். பிறகு அப்பாவின் பிடரியில் கைவைத்து அழுத்தினாள்.

"குனியுங்க. ஆசீர்வாதம் பண்ண வந்திருக்கு."

"இது கோயில் யானை இல்லடி," அப்பா பல்லுக்குள் முனகினார்.

"அது அதுக்குத் தெரியாது. நீங்க குனியுங்க."

அப்பா குனிந்தார். துதிக்கை அவருடைய வழுக்கையை முகர்ந்தது, சட்டைக்குள் தெரிந்த தையல் தழும்பை முகர்ந்தது, சூடாக ஒரு மூச்சு விட்டது. பிறகு யானை திரும்பிப் போய்விட்டது. அம்மா கைப்பையில் வாழைப்பழம் தேடினாள். இருந்தது பிஸ்கட்தான்.

யானை மறைந்ததும் மொலெஃபி என்னிடம் விவரம் கேட்டார். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் தூரத்தில் ஒரு யானை தெரிந்தது. மொலெஃபி இன்ஜினை அணைத்தார். இந்த முறை உதட்டில் விரல் வைக்கவில்லை, தொப்பியைக் கழற்றினார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஏற்கெனவே குனிந்திருந்தார்.