உறை போட்ட புத்தகம்

ஜப்பானின் கனாசவா நகரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில், பாடங்களுக்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் மௌனமாகக் கதைப்புத்தகம் படிக்க வேண்டும், ஆசிரியர் உட்பட. மணி அடித்தும் கணக்கு ஆசிரியர் முராசே புத்தகத்திலிருந்து நிமிரவில்லை.

"சார், மணி அடிச்சாச்சு!" என்றாள் மாணவி சுசுனோ.

"அடடா! அந்தப் பொண்ணு ரகசியக் கடிதத்தோட ஆத்துல இடுப்பளவு தண்ணியில நிக்கிறா. கரையில எதிரிப் படை, ஒரே பனி..."

"அப்புறம்?"

"நீங்களே தேடிப் படிங்க."

"பேரையாவது சொல்லுங்க சார்!"

கடையில் போட்டுத் தந்த காகித உறை தலைப்பை மறைத்திருந்தது. வகுப்பே ஜன்னலுக்கு வெளியே பெய்த பனியில் அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து நூலகர் குசுமி ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"உங்க பசங்க சரித்திர நாவல் அலமாரியையே காலி பண்ணிட்டாங்க. எல்லாம் அந்த ஆத்துப் பொண்ணைத் தேடித்தான். எனக்காவது சொல்லுங்க, எந்தப் புத்தகம்?"

முராசே உறையைக் கழற்றினார். உள்ளே கணக்குப் பயிற்சி நூல்.

"அடப்பாவி! அப்போ அந்தப் பொண்ணு?"

"நானா அளந்து விட்டதுதான். அவ என்ன ஆனாள்னு எனக்கே தெரியாது."

கதவைத் தள்ளிக்கொண்டு சுசுனோ மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் மார்போடு அணைத்திருந்த புத்தகத்துக்கும் காகித உறை.

"சார், கண்டுபிடிச்சுட்டேன்! அவ ஆத்தைத் தாண்டிட்டா!"

முராசே நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"நிஜமாவா? எப்படித் தாண்டினா? எந்தப் புத்தகம் அது?"

"நீங்களே தேடிப் படிங்க சார்."