குமுதாவுக்குக் குரல் வந்தது

குழந்தை பிறந்த சில வாரங்களில் குமுதாவின் கழுத்து வீங்கிச் சிவந்தது. காய்ச்சல் கொதித்தது, எச்சில் விழுங்கினாலே உயிர் போயிற்று, பேச முடியவில்லை. “தைராய்டுல சீழ் கட்டியிருக்கு. ரொம்ப அபூர்வமா வரும்” என்ற டாக்டரம்மா, ஊசியால் அதை உறிஞ்சி எடுத்து மருந்து ஏற்றினார்.

கட்டிலருகே காவல் இருந்த கணவன் முரளியும் அவன் அக்கா வத்சலாவும் பயம் மறக்கக் குழந்தைக்குப் பெயர் தேடினார்கள். “தன்ஷிகாஸ்ரீ. குமுதாவும் மறுப்பு சொல்லலை பாரு” என்றாள் வத்சலா.

காய்ச்சல் விட்ட காலையில், முரளி ஊட்டிய ரசஞ்சோறு வலியில்லாமல் இறங்கியது. அவன் கண் கலங்கினான்.

“கயல்,” என்றாள் குமுதா, கரகரத்த குரலில். “எம்பொண்ணு பேரு கயல், அண்ணி.”

வத்சலா முறைத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, மடியிலிருந்த குழந்தையின் காதருகே குனிந்து, “கயல்” என்றாள்.