ஐந்து பாகம், முடிந்தது

காலிங் பெல்லில் விரலை வைத்தவள் அழுத்தாமல் நின்றாள்.

உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம். யாரோ இருமினார்கள்.

ஒன்றும் சொல்லாமல், சும்மா பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று பேருந்தில் ஏறும்போது நினைத்திருந்தாள். பொன்மலையில் இறங்கும்போது அந்த நினைப்பு போய்விட்டது.

போன மாதம்தான் ஞானசிகாமணி சார் குழுவில் எழுதினார். மாயாஜால நாவல் படிக்கிற நாற்பத்து மூன்று பேரின் வாட்ஸப் குழு. டிராகனும் மந்திரக்கோட்டையும் இருந்தால் சோறு தண்ணீர் கேட்காத கூட்டம். சார் அதில் அதிகம் பேசாதவர். ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்றவர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அன்று பேசினார்.

"புற்றுநோய்க்குப் போட்ட முதல் ஊசியே உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்கு மாதம் தாங்குவேன் என்கிறார்கள். அதற்குள் படிக்க ஒரு தொடர் சொல்லுங்கள். முடிந்த தொடராக இருக்கட்டும்."



எல்லோரும் ஒரேயடியாக எழுதினார்கள். ஆறுதல் சொல்லத் தெரியாத ஜனங்கள். புத்தகம் சொல்லத்தான் தெரியும்.

குழுவுக்கு ஒரே ஒரு விதி. யார் எதைப் பரிந்துரைத்தாலும் முதல் வரியிலேயே எத்தனை பாகம், முடிந்ததா இல்லையா என்று எழுதிவிட வேண்டும். பாதியில் நின்ற தொடருக்காகப் பதினோரு வருடம் காத்துக் கிடப்பவர்கள் அங்கே உண்டு. அந்தப் பாடு அடுத்தவருக்கு வேண்டாம்.

அவள் எழுதினாள். "கண்ணாடி ஆறு. ஐந்து பாகம். முடிந்தது."

அவர் அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ஊமைப் படகோட்டி நடு ஆற்றில் துடுப்பை விட்டுவிட்டு எழுந்து நிற்பான். அவ்வளவுதான். அதுதான் முடிவு என்று மூன்று வருடம் குழுவில் சண்டை போட்டு ஜெயித்தவள் அவள். எழுதிய அம்மாளும் ஏழு வருடமாக வாயைத் திறக்கவில்லை.

நேற்று திறந்துவிட்டார்.

ஆறாம் பாகம் வருகிறதாம். அடுத்த வருடக் கடைசியில்.

அந்தச் செய்தியைக் குழுவில் யாருமே போடவில்லை. ஒரு அட்டைப்படம் மாறினால்கூட எல்லோரும் கூடிக் கூச்சல் போடுகிறவர்கள், நேற்றிலிருந்து காலை வணக்கமும் மாலை வணக்கமும் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவளிடம் மட்டும் தனித்தனியாகக் கேட்டார்கள்.

சொல்லப் போகிறாயா?

சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருக்கு மிச்சமிருப்பது மூன்று மாதம். சொல்லாவிட்டால், இல்லாத முடிவை முடிவென்று நம்பிக்கொண்டு போய்விடுவார்.

பெல்லை அழுத்தினாள்.

கதவைத் திறந்தது அவர் மகள் பெர்சி. காலையில் போனில் பேசியவள்.

"வாங்கக்கா. உள்ளதான் உக்காந்திருக்காரு."

ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தெரிந்தது. மடியில் ஐந்தாம் பாகம் மூடிக் கிடந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லி முடித்துவிட்டவரின் சிரிப்பு அது.

"நேத்துதாம்மா முடிச்சேன். எந்திரிச்சு நிக்கிறான் பாத்தீங்களா? போதும்னு இருந்துச்சு. நல்ல புத்தகம் சொன்னீங்க."

"முடியல சார்."

"என்னது?"

"ஆறாவது பாகம் வருதாம். நான்தான் தப்பா எழுதிட்டேன். மன்னிச்சிருங்க."

சிரிப்பு நின்றது.

"முடிஞ்சதுன்னு எழுதினீங்களேம்மா."

"ஆமா சார்."

"அப்புறம் விதின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? நீங்க பாட்டுக்கு எழுதிருவீங்க, நம்பிப் படிக்கிறவன் என்ன ஆவான்?"

குரல் ஏறியது. இருமினார். இருமிக்கொண்டே திட்டினார்.

"அப்ப அவன் எதுக்கு எந்திரிச்சான்? அக்கரையில யாரையோ பாத்துட்டான். அப்படித்தானே? அந்த அக்கரை ஆசாமி யாரு?"

"தெரியாது சார்."

"தெரியாதாம்ல."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் வந்து தன்னை வெளியே போகச் சொல்வாள் என்று காத்திருந்தாள். பெர்சி தேநீர் டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். தடுக்கவில்லை. அப்பா கோபப்படுவதைப் பசித்தவள் சோற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வருதாம்?"

"அடுத்த வருஷக் கடைசின்னு சொல்றாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர் வீட்டு மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மூச்சிரைப்பு மெல்ல மெல்லத் தணிந்தது.

"பெர்சி."

"சொல்லுங்கப்பா."

"அந்த ரெண்டாவது ஊசி... என்னைக்குன்னு சொல்லியிருந்தாங்க?"

பெர்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"புதன்கிழமைப்பா. வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, அடுத்த புதன் வரோம்னு தள்ளி வச்சுக்கிட்டே இருக்கேன். வேணாம்னு இன்னும் அவங்ககிட்ட சொல்லவே இல்ல."