ஆந்தை அக்கா

"என்ன வேணா வாங்கிட்டு வாங்க. ஆந்தை பொம்மை மட்டும் வேணாம்!"

புதுமனை புகுவிழாப் பத்திரிகையை நீட்டும்போது அனுசியா எல்லோரிடமும் கறாராகச் சொன்னது இதைத்தான்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா? விருத்தாசலத்துச் செராமிக் பட்டறையில் அந்த ஜோடி ஆந்தைகளுக்குக் கண் எழுதுகிறவளே அவள்தான். ஒரு நாளைக்கு அறுபது ஜோடி.

ஒரு காலத்தில் ஆந்தை கூரைமேல் உட்கார்ந்தாலே கல்லெடுத்து விரட்டிய ஊர். யாரோ அதை அதிர்ஷ்டம் என்று கிளப்பிவிட, டிவி ஸ்டாண்டு, பல் டாக்டர் மேஜை, மங்கலம்பேட்டை நகைக்கடைக் கல்லா என்று எங்கே பார்த்தாலும் ஜோடி ஜோடியாக வந்து உட்கார்ந்துவிட்டது. கல்யாணத்துக்கும் ஆந்தை, காதுகுத்துக்கும் ஆந்தை. மூன்றே வருடத்தில் எல்லோருக்கும் திகட்டிப்போய், வாங்கியவர்கள் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள்.

பொங்கல் முடிந்ததும் முதலாளி திருமால் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"ஆர்டர் பாதியா கொறைஞ்சிடுச்சி. இனிமே வேஸ்ட்டு தாங்காது. யாரு கையில ரிஜெக்ட் அதிகமா வருதோ அவங்க வேற எடம் பாத்துக்கலாம்."

அனுசியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். புது வீட்டுக்கு வெளிப்பூச்சு இன்னும் பாக்கி. வேலை போனால் அது அப்படியே நிற்கும். ஆனால் அவள் எழுதிய பீஸ் ஒன்றுகூட செக்கிங்கில் அடிபடவில்லை. அந்தத் தெம்பில் பக்கத்து மேஜை கனிமொழியிடம் பீற்றிக்கொண்டாள்.

"பத்தொம்பது வருஷம் பழகுன கை இது. கண்ண மூடிக்கிட்டே கண்ணு எழுதுவேன்."

கடைசிப் பத்திரிகையோடு ராஜம்மாள் வீட்டுக்குப் போனாள். சூளையிலிருந்து வரும் பீஸ்களைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற செக்கிங் வேலை அவளுக்கு. சிரித்துப் பேசத் தெரியாத மனுஷி. ஊரே வெறுத்த ஆந்தையை இன்னும் காசு கொடுத்து வாங்குகிற ஒரே ஆளும் அவள்தான். சனிக்கிழமை தவறாமல் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவாள். அவளுக்கு 'ஆந்தை அக்கா' என்று பெயர் வைத்தது அனுசியா. பட்டறை முழுக்க அந்தப் பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"வா அனுசியா, உக்காரு. டீ போடறேன்" என்று ராஜம்மாள் அடுப்படிக்குப் போனாள்.

எதிர்ச் சுவரில் ஷோகேஸ். ஐந்து தட்டிலும் ஆந்தை. ஃபிரிட்ஜ் மேல் ஆந்தை. கட்டிலுக்கு அடியில் பிரிக்காத பெட்டிகள்.

அனுசியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"யக்கா, உங்களுக்கு மட்டும் எப்பிடிக்கா சலிக்கல? எங்களுக்கெல்லாம் இத பாத்தாவே கொமட்டுது."

உள்ளேயிருந்து பாத்திரச் சத்தம்தான் வந்தது.

நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஏதோ இடித்தது. மேல்தட்டு ஆந்தையின் ஒரு கண் அவளைப் பார்த்தது, இன்னொரு கண் ஃபேனைப் பார்த்தது. பக்கத்தில் இருந்ததும் அப்படித்தான். எழுந்து கிட்டப் போனாள். கிட்டப் போனதும் எல்லாம் கலங்கலாகி, கண் இரண்டும் ஒழுங்காக இருப்பதுபோல் பட்டது. நாலடி பின்னால் வந்தாள். மறுபடியும் மாறுகண்.

அவளுக்குக் கோபம் வந்தது. இதையெல்லாமா பாஸ் பண்ணியிருக்கிறாள் இந்தம்மா? கனிமொழி எழுதினதாகத்தான் இருக்கும். வேண்டியவள் என்று விட்டிருப்பாள். நாளைக்கே முதலாளி காதில் போட்டுவிட வேண்டியதுதான்.

ஒன்றை எடுத்துக் கவிழ்த்தாள். கண் எழுதியவர் அடியில் தன் அடையாளம் வைப்பது பட்டறை வழக்கம். கனிமொழிக்குக் குறுக்கே ஒரு கோடு. அனுசியாவுக்கு மூன்று புள்ளி.

கையை நீட்டி, எட்டப் பிடித்துப் பார்த்தாள். மூன்று புள்ளி.

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் மூன்று புள்ளி. அதற்கடுத்ததிலும்.

எழுதும்போது மை வெளிறித்தான் இருக்கும். சூளையில் வெந்த பிறகுதான் கறுப்பு எழும்பும். வெந்த பீஸ் நேராகச் செக்கிங்குக்குப் போய்விடும். தான் எழுதிய கண் எப்படி வந்திருக்கிறது என்று அவள் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது.

ராஜம்மாள் டீயோடு வந்தாள். அனுசியாவின் கையில் கவிழ்ந்திருந்த ஆந்தையைப் பார்த்தாள். டம்ளரை நீட்டினாள்.

"யக்கா... இதெல்லாம் நான் எழுதினதா?"

"டீ ஆறுது. குடி."

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"ரெண்டு தரம் சொல்ல வந்தேன். ரெண்டு தரமும் நீ ஒன் கையப் பத்தி அந்தப் பொண்ணுகிட்ட பெருமையா பேசிக்கிட்டு இருந்த. அதுக்கு நடுவுல போயி எப்பிடி சொல்றது? ரிஜெக்ட்டுல போட்டா மொதலாளி ஒன்ன நிறுத்திடுவாரு. அதான், எனக்குப் புடிக்கும்னு சொல்லி நானே வாங்கிக்கிட்டேன்."

அனுசியாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையை நிமிர்த்தவே முடியவில்லை.

ராஜம்மாள் பத்திரிகையை எடுத்துப் பிரித்து விழாத் தேதியைப் பார்த்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம நல்லூர்ல கண்ணு கேம்ப்பு இருக்குதாம். ரெண்டு பேரும் போயிட்டு வரலாம். சீக்கிரமா ஒரு கண்ணாடி போட்டுடும்மா. கட்டிலுக்கு அடியிலயும் எடம் தீந்துபோச்சி."